என் பேர் கேட்காத நாள்

பஞ்சாயத்துத் தலைவரே, கல்குவாரியில் செத்தவர்களை நான் வரைந்தது உங்களுக்குப் பொறுக்கவில்லை. கண்காட்சியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டீர்கள்.

நேற்று அப்பாவின் படத்தை மாட்டும்போது பெருமாள்மலை ரோட்டில் பாறைக்கு வேட்டு வைத்தார்கள். படத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன வயதில் வேட்டுச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடுவாள். புகை அடங்கியதும், அப்பா வேலை பார்த்த குவாரிக் குழிக்குள்ளிருந்து ஒவ்வொருவரும் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் பிழைத்திருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரிய அதுதான் வழி.

"ஏ செல்வி, கருவாட்ட நீயே தின்னுராத!" என்பார் அப்பா.

ஒருநாள் மற்ற பிள்ளைகளின் பேரெல்லாம் கேட்டது. என் பேர் கேட்கவில்லை.

"தொண்டை கட்டியிருக்கும்டி, பேசாம கெட" என்றாள் அம்மா. அவள் கை என் தோளை நெரித்தது.

குவாரி உங்கள் குடும்பத்துடையது. அப்பா அன்று வேலைக்கே வரவில்லை என்றீர்கள். நாளை கண்காட்சித் திறப்புவிழாவில் ஊர் முன்னால் மைக்கில் சொல்லுங்கள்: வேலைக்கு வராதவரின் உடம்பு உங்கள் குழிக்குள் எப்படி வந்தது?