மதராஸிகள் அறையில் ஒரு மெட்ராஸ்காரன்

மும்பை போகிற நண்பர் ஒருவர், அங்குள்ள தமிழர் பகுதிகளைப் பற்றி எழுதச் சொன்னார். நான் பார்த்தது அறுபதுகளின் நடுவில் இருந்த பம்பாய். ஒரு இன்டர்வியூவுக்காகப் போயிருந்தேன். ஒரு வாரம் படுக்க இடம் வேண்டும். அதுதான் பெரிய கவலை.

ஒன்றரை நாள் கரிப்புகையைத் தின்று தாதரில் இறங்கினேன். "ஏ மதராஸி!" என்று போர்ட்டர் கூப்பிட்டார். பரவாயில்லையே, பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாரே என்று திரும்பினேன். என்னோடு மங்களூர்க்காரர், பாலக்காட்டுக்காரர் எல்லோரும் திரும்பினார்கள்.

அங்கிருந்து மாட்டுங்கா இரண்டு கிலோமீட்டர் இருக்கும், நடந்துவிடலாம். காபி பிரமாதம். ரூம் இருக்கிறதா என்று ஒரு வீட்டில் தமிழில் கேட்டேன். "நீங்க நம்மவா இல்லையே" என்று தமிழிலேயே கதவைச் சாத்தினார்கள்.

பிறகு தாராவி. என் அப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்த ஊர்க்காரர்கள் தாராவியில் சேர்ந்து ஒரு மாடி அறை வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் இடம். பொறுப்பு, மளிகைக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி.

"ஒங்கப்பா நம்மூரு, சரி. நீரு எங்க பொறந்தீரு?"

"மெட்ராஸ்."

"அப்போ வெளியூருல்லா! எல்லாரும் வரட்டும், பேசிக்கிடுவோம்."

ரயில் மாறியதைத் தவிர அங்கே யாரும் மெட்ராஸைப் பார்த்ததில்லை. ஆனால் பம்பாய்க்கு அவர்கள்தான் மதராஸிகள். அசல் மெட்ராஸ்காரன் நான் வாசலில் நின்றேன்.

நல்ல பெயர் வாங்கலாமே என்று, கீழே சமைத்த குழம்புப் பானையை மாடிக்கு ஏற்றும்போது ஒரு பக்கம் பிடித்தேன். பாதிப் படியில் அண்ணாச்சி கத்தினார்: "வே, பைய புடியும்! பைய!"

படியோரம் என் பை சாய்ந்து நின்றது. சர்டிபிகேட் எல்லாம் அதில்தான். பானையை விட்டுவிட்டுப் பையைப் பிடித்தேன். அவர்கள் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக என்று அர்த்தமாம். அதை அப்பா எனக்குச் சொல்லித் தரவேயில்லை.

குழம்பு முழுக்கக் கீழ்வீட்டு மராட்டிக்காரர் காயப்போட்டிருந்த வேட்டியில். "ஏ மதராஸி லோக்! கிஸ்னே கிராயா?" என்று அவர் ஏறி வந்தார். யார் கொட்டியது என்று கேட்கிறார். அவ்வளவுதான், இன்று பிளாட்பாரம்தான் என்று நினைத்தேன். அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து நின்றார். "ஹமாரா ஆத்மி ஹை" என்றார். நம்ம ஆள்! கண் கலங்கிவிட்டது.

மராட்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "அவன்ட்ட அப்படித்தாம்வே சொல்லணும். அதுக்காவ நீரு பேசுதது தமிழுன்னு நாங்க ஒத்துக்கிட்டோம்னு நெனச்சிராதயும். பாய வாசப்பக்கம் போட்டுக்கிடும்."

எல்லோரும் வெறுஞ்சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். யாரும் என்னைத் திட்டவில்லை. இருந்த ஊறுகாயை, "விருந்தாளிக்கு மொதல்ல" என்று என் தட்டில் வைத்தார்கள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஊர் எது என்று கேட்டால், கேட்பவர் யார் என்று பார்த்துப் பதில் சொல்லுங்கள். அப்பாவின் ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள், என் தட்டில் ஊறுகாய் வைக்காமலே அண்ணாச்சி சொன்னார்: "ஏல, இன்னைக்கு பாத்திரம் கழுவ ஒம் மொற."