அன்வர் பாயிடம் நான் பிடுங்கிய லேப்டாப்

1. ஷூ சின்னதாகிவிட்டது

ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு லாஸ்டிங் செக்ஷனிலிருந்து செல்வி போன் செய்தார்.

"சிஸ்டம் சார், நீங்க வெள்ளிக்கிழம அன்வர் பாய்க்குக் குடுத்த புது லேப்டாப்பு ஷூவச் சின்னதாக்கிடுச்சு."

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவன் நான். என் பெயர் அங்கே சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் நான் 'சிஸ்டம் சார்'. விதவிதமான புகார்களைக் கேட்டிருக்கிறேன். மவுஸ் இடது பக்கம் போக மாட்டேன் என்கிறது என்று ஒருவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் இடது பக்கம் டிபன் பாக்ஸ் இருந்தது. ஆனால் லேப்டாப் ஷூவைச் சின்னதாக்கியது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

"என்னம்மா சொல்றீங்க?"

"சைஸ் நாப்பத்திரெண்டு கட்டைல அப்பர் ஏறவே மாட்டேங்குது சார். இன்னும் இழுத்தா கிழிஞ்சிடும். அன்வர் பாய் வந்து பாத்தாரு. ஒண்ணுமே பேசாம போய்ட்டாரு. அதான் பயமா இருக்குது."

ஷூவின் மேல்தோலுக்கு அப்பர் என்று பெயர். அதைக் கால் வடிவத்தில் இருக்கும் கட்டையின் மேல் இழுத்து மாட்டுவதுதான் லாஸ்டிங். அங்கே ஏறவில்லை என்றால் வெட்டிய தோல் வீண். அன்றைக்கு வீணானது சாதாரணத் தோலும் இல்லை. எங்களிடம் ஷூ வாங்கும் ஒரு பையர் தானே தேர்ந்தெடுத்து அனுப்பிய தோல், ஆறு ஜோடிக்கு மட்டுமே வரும். கேட்டிருந்தது மூன்று ஜோடி சாம்பிள், செவ்வாய்க்கிழமை மாலை வண்டி ஏற வேண்டும். வெட்டிய மூன்றும் போய்விட்டன. மீதித் தோலில் இன்னொரு தப்புக்கு இடமில்லை.

சாம்பிள் கெட்டுப்போனால் ஆர்டர் போகும். அதைவிட, அன்வர் பாயின் பெயர் போகும். அவர் சாம்பிள் ரூமின் பேட்டர்ன் மாஸ்டர். தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று முடிவு செய்கிறவர். "பாய் கண்ணுலயே ஸ்கேல் இருக்குது" என்று கம்பெனி முழுக்கச் சொல்வார்கள். அந்தக் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அன்று டீ டைமுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்ன ஆயிற்று என்பதில் என் கைவரிசையும் இருந்தது என்பது அப்போது எனக்கே தெரியாது.

2. கல்யாணத்துக்குப் போகாத லேப்டாப்

அதற்கு ஒரு மாதம் முன்பு ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டம், ஆடிட் வருது. அஞ்சு வருஷத்துக்கு மேல போன லேப்டாப் ஒண்ணுகூட இருக்கக்கூடாது. புதுசு வந்தாச்சு, மாத்திக் குடுங்க. எவன் முறைச்சாலும் எங்கிட்ட அனுப்புங்க."

எல்லோரும் முறைத்தார்கள். வருடம் தவறாமல் போன் மாற்றுகிறவர்கள்தான் அதிகம் முறைத்தார்கள். பர்ச்சேஸ் மேனேஜரின் போனுக்கு மூன்று கேமரா. அவருடைய லேப்டாப்புக்கோ மூடி நிற்காது, பின்னால் பசை டின்னை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார். புதுசு தருகிறேன் என்றால் டின்னோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். ஸ்டோர் கீப்பரிடம் நேராகவே கேட்டேன்.

"போன மட்டும் மாத்துறீங்களே, அது எப்படி?"

"போன எடுத்துக்கினு கல்யாணத்துக்குப் போறோம் சார். நாலு பேரு பாப்பான். லேப்டாப்ப எடுத்துக்கினு எவன் கல்யாணத்துக்குப் போறான்?"

நியாயமான பதில்தான். ஆனாலும் எனக்கு ஒரு சொந்தத் தியரி இருந்தது. எல்லாம் சோம்பேறித்தனம். புது போனைப் பழைய போன் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் மாறியிருக்கும். லேப்டாப் என்றால் எந்த ஃபைல் எங்கே போனது என்று தேடவேண்டும். நானே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அன்வர் பாய் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர். ரம்ஜானுக்கு ரம்ஜான் அவருக்குப் புது போன். லேப்டாப்புக்கு மட்டும் வயது பதினொன்று. அதை லேப்டாப் என்று சொல்வதா, எங்கள் கம்பெனி தயாரிப்பு என்று சொல்வதா என்று எனக்குச் சந்தேகம். உடைந்த முதுகுக்கு மாட்டுத்தோல் ஒட்டி ஓரம் தைத்திருந்தார். அடியில் ரப்பர் கால்கள் விழுந்ததும் ஷூவின் அடி ரப்பரை வெட்டி நான்கு கால் வைத்தார். 'ஈ' பட்டன் கழன்றுபோன இடத்தில் பஞ்ச் அடித்த கறுப்புத் தோல் துண்டு உட்கார்ந்திருந்தது. பாலிஷ் மட்டும்தான் பாக்கி.

"மாத்திக்கலாமே பாய்" என்றேன்.

"வேணாம் சார். கீபோர்டு மெத்துன்னு இருக்குது."

அடுத்த வாரம் கேட்டேன். "ராசியான லேப்டாப்பு சார். பேஜார் பண்ணாதீங்க."

அதற்கடுத்த வாரம், "இது நல்லா சூடாவும் சார். மழைக்காலத்துல கைக்கு இதமா இருக்கும்."

ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொல்கிறவர் நான்காவது பதிலை மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கிழவர் அடம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். என்னைவிட நான்கே வயது மூத்தவர்.

3. ஜும்மா நேரத்துத் திருட்டு

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போனார். அவர் கேட்டைத் தாண்டியதும் நான் சாம்பிள் ரூமுக்குள் நுழைந்தேன். முந்தைய நாளே நெட்வொர்க் வழியாக எல்லா ஃபைலையும் எடுத்து வைத்திருந்தேன். புது லேப்டாப்பில் அதே போல்டர்கள், அதே வரிசை, அதே வால்பேப்பர். பழையதைத் தூக்கி ஸ்கிராப் அறையில் போட்டேன். என் திறமையில் எனக்கே அன்று பெருமையாக இருந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பாய் திரும்பி வந்து மேசையைப் பார்த்தார்.

"பழசு எங்க சார்?"

"உள்ள இருந்ததெல்லாம் அப்படியே இதுல இருக்கு பாய். உங்க போன் மாத்துற மாதிரிதான்."

"உள்ள இருந்தது இருக்குது…" என்று இழுத்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் கட்டிங் ஆட்கள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நான் ரூமுக்குப் போய் டீ சொன்னேன்.

சனிக்கிழமை அந்தப் புது லேப்டாப்பை வைத்துத்தான் பேட்டர்ன் எடுத்து மூன்று ஜோடியையும் வெட்டினார். திங்கட்கிழமை செல்வி போன் செய்தார்.

4. நான்காவது பதில்

நான் சாம்பிள் ரூமுக்கு ஓடினேன். பாய் எல்லோரையும் டீக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒரு விஷயம் சொல்றேன். இது உங்களோட இருக்கணும்."

விஷயம் இதுதான். அவசர சாம்பிள் என்றால் கம்ப்யூட்டர் டிசைன் ரூமில் பேட்டர்னை முழு அளவில் வரைந்து தரும் பிளாட்டர் மெஷினுக்காக இவர் வரிசையில் நிற்பதில்லை. பேட்டர்னை ஸ்கிரீனில் திறப்பார், மேலே டிரேசிங் பேப்பரை வைப்பார், வெளிச்சத்தில் தெரியும் கோட்டைப் பென்சிலால் இழுத்துவிடுவார். டிசைன் இன்ஜினியர்கள் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். ஆனால் பதினொரு வருடமாக அவர் சாம்பிள் தவறியதில்லை. காரணம் கண் இல்லை. ஸ்கிரீனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஓரம்.

"ஒவ்வொரு பையர் தோலுக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன் சார், கத்தி முனையில. இழுபடுற தோலுன்னா கம்மி, மொரட்டுத் தோலுன்னா ஜாஸ்தி. பேட்டர்ன் நுனி அந்தக் கோட்டத் தொடுற வரைக்கும் பெருசு பண்ணுவேன். அவ்ளோதான்."

"அப்ப கண்ணுல ஸ்கேல்னு சொல்றதெல்லாம்?"

"அவனுங்களா சொல்றானுங்க. நான் இல்லன்னு சொல்லல."

"சனிக்கிழமை எப்படி எடுத்தீங்க?"

"இத்தினி வருஷம் பாக்குறோமே, கண்ணாலயே வந்துடும்னு நெனச்சேன்." மேசை மேலிருந்த டிரேசிங் பேப்பரைச் சுருட்டினார். "வரல சார்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் தன் ரகசியத்தை உடைக்க முடியாமல்தான் வெள்ளிக்கிழமை 'சரி சார்' என்றிருக்கிறார். அந்தச் 'சரி'யைத்தான் நான் வெற்றி என்று நினைத்து டீ குடித்திருக்கிறேன்.

"லேப்டாப் ஸ்கிராப் ரூம்லதான் இருக்கு, வாங்க" என்றேன்.

ஸ்கிராப் அறை கழுவிவிட்ட மாதிரி காலியாக இருந்தது. ஸ்கிராப் வண்டி பதினொரு மணிக்கே வந்து பதினான்கு லேப்டாப்பையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

5. பள்ளிகொண்டா தாண்டிய வண்டி

டிரைவருக்குப் போன் போட்டேன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பள்ளிகொண்டா தாண்டிட்டேன் சார். திரும்ப முடியாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "மூணாம் டேபிளுக்குக் கத்திரிக்கா வை, தயிர் பச்சடி வை."

அரை மணி தூரத்தில் இருக்கும் பள்ளிகொண்டாவைத் தாண்டி ஓட்டுகிறவருக்கு, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை யார் வைக்கிறார்கள்? மதியம் நெருங்கும்போது ஆம்பூரை விட்டு எந்த வண்டி பிரியாணி சாப்பிடாமல் போயிருக்கிறது? பாய் என் பைக்கின் பின்னால் ஏறினார். ஹைவே ஓரத்தில் இரண்டாவது கடை வாசலில் வண்டி நின்றிருந்தது. உள்ளே மூன்றாவது டேபிளில் டிரைவர் பாதி பிளேட்டில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. பள்ளிகொண்டாவுல இந்த ருசி வராது" என்று பாய் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

டிரைவர் இடது கையால் சாவியை நீட்டினார். பதினான்கு லேப்டாப்பில் தோல் போர்த்தியது ஒன்றுதான், அதனால் தேடும் வேலை இல்லை. பாய் அங்கேயே திறந்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாக் கோடும் இருந்தது. அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். "ஸ்கிராப்புல போன பொருள் திரும்ப உள்ள வரக்கூடாது சார்." பாய் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தோல் பைதான்பா" என்றார். மேலே தோல், ஓரத்தில் தையல். செக்யூரிட்டி தடவிப் பார்த்துவிட்டு 'தோல் பை, ஒன்று' என்று எழுதிக்கொண்டார். அந்தப் பதிவு இன்றைக்கும் நோட்டில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை மீதித் தோலில் மூன்று ஜோடியும் வெட்டித் தைத்து வந்தது. செல்வி முதல் அப்பரைக் கட்டையில் இழுத்தார். நானும் பாயும் பக்கத்தில் நின்றோம். இருவருமே அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏறிடுச்சு" என்றார் செல்வி. பிறகு என்னைப் பார்த்து, "பாய் கண்ணு பாய் கண்ணுதான். உங்க புது லேப்டாப்புதான் சார் சரியில்ல" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

6. ஸ்டிக்கர்

சாம்பிள் பாஸாகி ஆர்டர் வந்தது. ஆனால் ஆடிட்டும் வந்துகொண்டிருந்தது. பதினொரு வயது லேப்டாப்பை ஜி.எம். கண்ணில் படாமல் எங்கே ஒளிப்பது?

ஒளிக்கவில்லை. கம்ப்யூட்டர் லிஸ்டிலிருந்து அதை அடித்துவிட்டு, அளவுக் கருவிகள் லிஸ்டில் ஏற்றினேன். ஸ்கேல், திக்னஸ் கேஜ், அதற்குக் கீழே 'பேட்டர்ன் அளவுக் கருவி, தோல் உறையுடன்'. கருவி என்றால் அளவு சரியா என்று சோதித்து, கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதையும் முறையாகவே செய்தோம். பாயும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு கோட்டையும் ஸ்டீல் ஸ்கேலால் அளந்து எழுதினோம், பச்சை ஸ்டிக்கர் ஒட்டினோம். ஆடிட்டர் ஸ்டிக்கரைப் பார்த்தார், லிஸ்டைப் பார்த்தார், டிக் அடித்துவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் நின்ற ஜி.எம். கருவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆடிட்டரின் பின்னாலேயே போய்விட்டார்.

அன்று மாலை பாய் என் ரூமுக்கு வந்தார். மேசையில் என்னுடைய லேப்டாப் இருந்தது.

"இது எத்தினி வருஷம் சார்?"

"பதிமூணு."

"எல்லாருதும் மாத்துனீங்க. இது லிஸ்ட்லயே இல்லியே."

"கீபோர்டு மெத்துன்னு இருக்கு பாய்."

பாய் லேப்டாப்பை மூடினார், எடுத்தார், குப்புறத் திருப்பினார். அடியில் செலோடேப் போட்டு ஒட்டிய ஒரு சீட்டு. சர்வர், சம்பளக் கணக்கு, கேமரா, ஜி.எம். மெயில் என்று கம்பெனியின் அத்தனை பாஸ்வேர்டும் என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதாதே என்று வருடத்துக்கு இரண்டு தடவை கம்பெனி முழுவதற்கும் கிளாஸ் எடுப்பது நான்தான்.

"இது இன்னா சார், மளிகை லிஸ்டா?" என்று கேட்டுவிட்டு, அதைத் திருப்பி வைத்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து மூடியின் மேல் ஒட்டிவிட்டுப் போனார்.

இப்போது இருவரும் ரிட்டயர் ஆகிவிட்டோம். இதை எழுதட்டுமா என்று பாயிடம் போனில் கேட்டேன். "எழுதுங்க சார், பேர மட்டும் மாத்துங்க. அப்டியே உங்க சீட்டு மேட்டரையும் எழுதுங்க" என்றார். பேசியது இந்த ரம்ஜானுக்கு வாங்கிய புது போனில். பழைய போனிலிருந்து எல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வந்துவிட்டதாம்.

என் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் சிஸ்டம் இன்-சார்ஜுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. யாராவது பழைய லேப்டாப்பைத் தர மாட்டேன் என்றால் ஃபைல்களை காப்பி எடுத்துத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஆள் டீக்குப் போகும்வரை பொறுத்திருந்து, முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.