தைக்காமல் விட்ட நான்காம் பக்கம்

எங்கள் வீட்டில் தையல் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. சட்டையில் பொத்தான் விழுந்தால் அந்த இடத்தில் ஊக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். இரண்டு பொத்தான் விழுந்தால் இரண்டு ஊக்கு. அப்படிப்பட்ட வீட்டில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அம்மாவும் நானும் ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தோம். அதுவும் சும்மா போர்வை இல்லை. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சை வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைக்கிற கனத்த போர்வை. எங்கள் துணிச்சலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கொஞ்ச நேரத்துக்கு.

அம்மா அப்போது ஆறு மாதம். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் அந்த வயிற்றோடுதான் மலையேறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தம்பியோ தங்கையோ தை மாதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். தை மாதத்தில் எங்கள் பக்கம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும்.

"நீ பொறந்தப்ப ரெண்டு சேலையச் சுத்தியும் வெடவெடன்னு ஆடிக்கிட்டே கெடந்த புள்ள. இதுக்காச்சும் நல்லதா ஒன்னு போத்தணும்" என்றாள் அம்மா.

சித்தப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, மூலையில் கண்ணாடி வெடித்த போன் ஒன்று அப்பாவிடம் இருந்தது. அதில் தேடியபோது ஒரு வீடியோ கிடைத்தது. வளையல் போட்ட இரண்டு கைகள் மட்டும் வெட்டும், மடிக்கும், தைக்கும். பேசிய மொழி எங்கள் இருவருக்கும் புரியவில்லை. "இந்தப் பொம்பளைக்கு மொகமே இல்லயா?" என்று அம்மா கேட்டாள். போனை நிறுத்தவும் மறுபடி ஓட்டவும் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால் நான் வாத்தியார் ஆனேன். அம்மா மாணவி. அவ்வளவு கெட்டிக்கார மாணவி என்றும் சொல்ல முடியாது. எங்கள் மலையில் அம்மாவின் கைக்கு ஈடுகொடுத்துக் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. ஆனால் கறை ஏறிக் காய்த்துப்போன அந்த விரல்களில் ஊசி நிற்கவில்லை. குத்தினாலும் அவளுக்கு உறைக்காது. துணியில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் "ஐயோ" என்பாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை "நூறு" என்பாள். அவள் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "பொறக்குறதுக்கு முந்தி அதுக்குன்னு ஒன்னும் வாங்கவும் கூடாது, தைக்கவும் கூடாது. மொதல்ல புள்ள வரட்டும்." எங்கள் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். குழந்தை பிறந்த பிறகு பழைய சேலையைக் கிழித்துச் சுற்றுவார்கள். புதுத்துணியெல்லாம் பிறகுதான்.

ஆகவே அத்தை கோவிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எங்கள் தையல் வகுப்பு நடந்தது. வெளியே அவள் குரல் கேட்டால் துணி, ஊசி, நூல் எல்லாம் சுவரில் தொங்கிய பழைய கொழுந்துக் கூடைக்குள் போய்விடும். சவர்க்காரப் பெட்டி அட்டையை அளவாக வைத்துச் சதுரங்கள் வெட்டினோம். அப்பா இடுப்பில் கட்டிப் பழசான சாரம், அம்மாவின் இரண்டு சேலைகள், பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் மிஞ்சிய வெள்ளை. நடுச்சதுரத்துக்கு என் மஞ்சள் கவுனை நானே வெட்டிக் கொடுத்தேன். வரப்போகிற பிள்ளை கண்ணைத் திறந்ததும் என்னுடையதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

மேல்துணி ஒருவாறு சேர்ந்தது. பஞ்சு வைக்கும் இடம் வந்தபோது டேட்டா முடிந்துவிட்டது. பரவாயில்லை என்று நாங்களே ஒரு தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சைப் பரப்பி, மூன்று ஓரத்தைத் தைத்துத் தூக்கிப் பார்த்தோம். அத்தனை பஞ்சும் சரிந்து ஒரு மூலையில் போய், உள்ளே ஆட்டுக்குட்டி படுத்திருப்பது மாதிரி உருண்டு நின்றது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் பீடி குடித்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார். பனிக்காலம், வெயில்காலம் எதுவானாலும் அவர் கழுத்தில் ஒரு பழுப்பு மப்ளர் சுற்றியிருக்கும். அவருக்குச் சளித் தொல்லை. அது இல்லாமல் அவர் வாசலைத் தாண்டினால் அம்மா விடமாட்டாள்.

"மலையில நெரை புடிக்கிற மாதிரி இதுலயும் நெரை புடிச்சுத் தைங்க. மேலேருந்து கீழ வரைக்கும், மூனு அடுக்கும் சேந்தாப்ல. அப்ப எங்கிட்டுப் போவும் பஞ்சு?"

தேயிலைச் செடிகளின் வரிசையைத்தான் எங்கள் ஊரில் நெரை என்போம். அப்பா சொன்னபடியே மூன்று அடுக்கையும் சேர்த்து வரிவரியாக ஓட்டுத் தையல் போட்டோம். பஞ்சு அடங்கி நின்றது. பிறகு டேட்டா போட்டுப் பார்த்தால் அந்த வளையல்காரியும் அதையேதான் செய்திருந்தாள். அப்பா ஒரு வாரம் எங்களைக் கேலி செய்தார்.

இன்னும் நான்காவது ஓரம் மட்டும் பாக்கி. நான் ஊசியில் நூல் கோத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பாப்பா. இந்தப் பக்கத்த அப்புடியே வுடு. முடிச்சாத்தான தச்சதாவும். புள்ள வந்ததும் நானே தச்சுக்கிறேன்."

அத்தையின் பேச்சை அவள் மீறவும் இல்லை, கேட்கவும் இல்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. முடிக்காத வேலையை எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்கும்?

மார்கழியில், சொன்ன நாளுக்கு முன்பே, அம்மாவுக்கு வலி கண்டது. அப்போது பள்ளிக்கூட விடுமுறை. காலை பத்து மணி இருக்கும். அப்பாவும் அத்தையும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். என்னை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடையை இறக்கி, கதவைச் சாத்தி, நான்காவது ஓரத்தைத் தைத்து முடித்தேன். குழந்தையோடு வரும் அம்மா பார்த்துத் திகைக்க வேண்டும் என்று நினைத்தேன். நூல் நழுவிக்கொண்டே இருந்ததால் கடைசியில் மூன்று முடிச்சுப் போட்டேன். போர்வையைக் கட்டிலில் விரித்து, சுருக்கம் இல்லாமல் தடவித் தடவி வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஓட்டோ வந்தது. அம்மா வரவில்லை. அப்பாவின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்று இருந்தது. அத்தை இறங்கும்போதே அழுதுகொண்டு இறங்கினாள். லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "தம்பிப் பய. கழுத்துல கொடி சுத்திக்கிச்சாம். மூச்சே இல்லாமத்தான் வந்துச்சாம்" என்று அத்தை சொன்னது என் காதில் விழுந்தது.

கொடி என்றால் எது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நான் போட்ட மூன்று முடிச்சு. முடித்தால்தான் தைத்ததாகும் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் முடித்துவிட்டேன். தம்பி செத்துப்போனான்.

உள்ளே ஓடி, அப்பா முகம் மழிக்கிற பிளேடை எடுத்து அந்த ஓரத்தின் தையலை அறுக்கத் தொடங்கினேன். எல்லாவற்றையும் அறுத்து முடிக்கவும் வெளியே அப்பாவின் காலடி கேட்கவும் சரியாக இருந்தது. போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் இருந்த பழந்துணிச் சாக்கில் திணித்தேன்.

அப்பா வாசலிலேயே நின்றார். "பாப்பா, நீயும் அம்மாவும் தச்சீங்களே, அது எங்கடா? தம்பிக்குப் போத்தி வுட்ருவோம்."

எடுத்துக் கொடுத்தால் ஓரத்தில் ஊசி போன தடம் தெரியும். தம்பியைக் கொன்றது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"தெரியலப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். என் பாவாடை முழுக்க அறுந்த நூல்கள் கிடந்தன. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் சாக்கைத் தேடவில்லை, கூடையைப் பார்க்கவில்லை. "சரிடா" என்று மட்டும் சொல்லி, கழுத்தில் இருந்த மப்ளரைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். அதை அவர் அந்த வெள்ளைத் துணியின் மேல் சுற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சைப் பிள்ளைகளை எரிப்பதில்லை. மேட்டில் சவுக்கு மரங்களுக்குக் கீழே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை.

மூன்றாம் நாள் அம்மா வந்தாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். வயிறு இல்லாத அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அப்பா வாசல்படியில் வெறும் கழுத்தோடு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நம்ம தச்சதப் போத்தித்தான பாப்பா அனுப்புனீங்க?"

"ஆமாம்மா."

அம்மா வாசல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பவில்லை. பிறகு என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்பச் சரி. குளிராமப் போயிருக்கும்" என்றாள்.

அதன்பின் துக்கம் விசாரிக்க வந்த எல்லாரிடமும் அதைச் சொன்னாள். "அவன் அக்கா தச்சதப் போத்திக்கிட்டுத்தான் போனான்." புதைத்த அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று மப்ளரைச் சுற்றியதைப் பார்த்த அத்தை, பிறப்பதற்கு முன் தைத்ததற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போவாள். என் பொய்யை இத்தனை பேர் நம்புகிறார்களே என்று எனக்கு நடுக்கமாக இருந்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, தப்பித்துவிட்டேன் என்றும் இருந்தது.

பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, பை கட்டக் கயிறு தேடி அந்தச் சாக்கை இழுத்தேன். ஒன்பது வருடமாக நான் தொடாத சாக்கு. போர்வை அடியில் மடித்து வைத்திருந்தது. நான் அதைச் சுருட்டித் திணித்துவிட்டு ஓடியவள், மடிக்கவில்லை. விரித்தேன். நான் அறுத்த நான்காவது ஓரம் தைத்திருந்தது. நீளமும் குட்டையுமாக, கோணிப்போன தையல். அம்மாவின் கை. ஓர் இடத்தில் கடுகளவு கறுத்த புள்ளி.

அடுப்படியில் அம்மா எனக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தாள். போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் ஞாபகம் வந்தது.

தம்பி போய் ஒரு மாதம் இருக்கும். அம்மா முதல்முறையாக வெளியே புறப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நோர்வூட் கடைத்தெருவுக்குப் போனாள். வேறு எதுவும் வாங்கவில்லை. அப்பாவுக்கு ஒரு மப்ளர் வாங்கினாள், அதே பழுப்பு நிறத்தில். வீட்டுக்கு வந்து அவர் கழுத்தில் அவளே சுற்றிவிட்டாள். பழையது எங்கே என்று கேட்கவே இல்லை. அது ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவும் இல்லை.