ஜன்னலுக்கு அடியில் நின்ற குட்டியானை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மார்கழியில் நடந்தது இது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். என்னிடம் ஒரு பழைய குட்டியானை உண்டு. பயப்பட வேண்டாம், டீசல் குடிக்கிற லோடு வண்டிதான். விடிவதற்கு முன்பே கத்தரிக்காய், மல்லித்தழை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, ஒன்பது மணி வாக்கில் திரும்பிவிடுவேன்.

அப்போது என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து இருபது நாள். நாற்பத்தெட்டு வயதில் தாத்தாவாகிவிட்ட பெருமையில் மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பக்கத்துக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்தில் பத்து மாதம் வெயிலில் வறுபடுகிறவர்கள் நாங்கள். வெளியூர்க்காரர் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போடாத குளிருக்கு நாங்கள் குரங்குக் குல்லா, மப்ளர், அதற்கு மேல் ஒரு துண்டு என்று கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டு நடமாடுவோம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். தாயும் பிள்ளையும் படுத்திருந்த முன்னறைக்குத் தெருவைப் பார்த்து ஒரே ஜன்னல். பனிக்காற்று நுழையக் கூடாது என்று அதை இழுத்துச் சாத்தி, சரியாகச் சேராத கதவு இடுக்கில் என்னுடைய பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத் திணித்து வைத்திருந்தாள் என் மனைவி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பனி இறங்க இறங்க, பிள்ளைக்கு ஒரு இருமல் வந்தது. விடிகாலை ஐந்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போலத் தொடங்கும். பூனைக்குட்டி தும்முவது போல ஆரம்பித்து, முகம் சிவந்து, மூச்சு வாங்கி, பாலைக் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்ளும். நான் மார்க்கெட்டிலிருந்து வரும்போது பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி தூங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இளம் டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, சளி இல்லை என்றார்.

“வீட்டுல புகை ஏதும் உண்டா? பிஞ்சு நுரையீரல், தாங்காது. இன்னொரு தடவை மூச்சு வாங்குச்சுன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம தூக்கிட்டு வாங்க.”

அந்த ‘ஒரு நிமிஷம்’ எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்ததும் புகை ஒழிப்பு அதிகாரியாகப் பதவியேற்றேன். கொசுவர்த்திச் சுருள் குப்பைக்குப் போனது. வெந்நீர் போடும் விறகடுப்பை அணைத்துத் தண்ணீர் ஊற்றினேன். சாம்பிராணிக் கரண்டியைப் பரண்மேல் ஒளித்துவைத்தேன்.

“தலைக்கு ஊத்திட்டுச் சாம்பிராணி காட்டலைன்னா ஊரு என்னையத்தான பேசும்? இவுகளுக்கென்ன, மீசையத் தடவிக்கிட்டுப் போயிருவாக!” என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த குறி எதிர்வீடு. அங்கே இருப்பவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கொத்தனார். காலையில் வாசலில் உட்கார்ந்து ஒரு பீடி இழுத்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும். நேராகப் போய் நின்றேன்.

“ஏலே, என் வீட்டு வாசல்ல நான் பீடி குடிக்க ஒங்கிட்ட பெர்மிசன் வாங்கணுமா?”

“பிள்ளை இருமுதுடா.”

உடனே பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டான். மறுநாளிலிருந்து தெருமுனைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தான், பாவம்.

ஆனால் இருமல் நிற்கவில்லை. எனக்கோ பீதி தலைக்கேறிவிட்டது. திடீரென்று மூச்சு முட்டினால் பிள்ளையை எதில் கொண்டுபோவது? என் குட்டியானை குளிரில் இலேசில் கிளம்பாது. நாலைந்து தடவை செருமி, கனைத்து, உறுமி, அதன் பிறகும் கால் மணி நேரம் சூடேறினால்தான் நகரும். டாக்டரம்மா சொன்ன ஒரு நிமிஷத்துக்கு அது சரிப்படாது. யோசித்துப் பார்த்து ஒரு மகத்தான முடிவெடுத்தேன். வழக்கமாக ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்கிற வண்டியை நாலரைக்கே ஸ்டார்ட் செய்து, அணைக்காமல் ஓடவிட்டுத் தயாராக வைத்திருப்பது! மறுநாள் இருமலும் நாலரைக்கே வந்தது. உடனே நான் நாலே காலுக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

நாலைந்து நாள் இப்படிப் போனது. ஒரு நாள் விடிகாலை சாவியைத் திருப்பினால், சத்தமே இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கொத்தனார் நண்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு வந்து தள்ளினான். நான்கடி நகர்ந்ததே தவிர, கிளம்பவில்லை. பழையபடி பின்னால் தள்ளி நிறுத்தினோம்.

“மெதுவா மூச்சு விடுலே. ஒன்னையத்தான் மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும் போல” என்றான்.

அப்போதுதான் உறைத்தது. மணி ஐந்து. உள்ளேயிருந்து இருமல் சத்தம் வரவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

என் மனது எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. செருப்பு ஒரு பக்கம், மப்ளர் ஒரு பக்கம் பறக்க ஓடி, முன்னறைக் கதவில் இரண்டு கையாலும் அறைந்தேன். மகள் பாதிக் கதவைத் திறந்தாள்.

“பிள்ளைக்கு என்னாச்சு? சத்தத்தையே காணோமே!”

“தூங்குதுப்பா. இத்தனை நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குது. நீங்க கத்தி எழுப்பிவிட்ராதீக.”

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நண்பன் வண்டியின் பின்பக்கம் செல்போன் வெளிச்சத்தை அடித்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, இங்க வா. இது ஒன் வேட்டிதான?”

ஜன்னல் இடுக்கில் திணித்த வேட்டியின் நுனி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி. இப்போது தோசைக்கல் நிறத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், என் வண்டியின் சைலென்சர் குழாய். கிழக்கே பார்த்துக் கிளம்பினால் ராசி என்று எப்போதும் வண்டியின் முகத்தைக் கிழக்கே வைத்தே நிறுத்துவேன். முகம் கிழக்கே என்றால் வால் எங்கே இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

அவன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துச் சைலென்சர் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தான்.

“எம் பீடி எம்புட்டுத் தண்டி? இது எம்புட்டுத் தண்டி? நீயே அளந்து சொல்லு.”

வேட்டித் துணியை உருவி முகர்ந்தேன். டீசல் வாசம் எங்களுக்குச் சோறு போடுகிற வாசம். பதினெட்டு வருடமாக என் சட்டையில், கையில், படுக்கையில் எல்லாம் அதுதான். அதைப் புகை என்று என் மூக்கு நினைத்ததே இல்லை. வீட்டில் யார் மூக்கும் நினைக்கவில்லை. மாதம்கூட ஆகாத பிள்ளைக்குத்தான் அது தெரிந்திருந்தது. அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் தினமும் சொல்லிக்கொண்டும் இருந்தது. நானோ அதைக் காப்பாற்றுவதற்காகவே இன்னும் முக்கால் மணி நேரம் கூடுதலாகப் புகை போட்டிருக்கிறேன்.

அன்று என் கத்தரிக்காய் வேறொருவர் வண்டியில் மார்க்கெட்டுக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் குட்டியானையைத் தள்ளிக்கொண்டே போய், ஊருக்கு வெளியே கருவேல மரங்களுக்குப் பக்கத்துப் பொட்டலில் விட்டோம். புது பேட்டரி போட்டதும் அங்கேயேதான் ஸ்டார்ட் செய்தேன். கிளம்புகிற நேரத்துக்கு ஸ்டார்ட் செய்தால் போதும் என்பதும் அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. பிள்ளை அதற்குப் பிறகு இருமவில்லை. மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சிரிப்பை மறைக்க முகக்கவசத்தை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார். பனிக்காலத்தில் வண்டிப் புகை மேலே கலையாமல் தரையோடு போர்வை மாதிரி கிடக்கும், இடுக்கு கிடைத்தால் உள்ளே வந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார்.

சாம்பிராணிக் கரண்டியைப் பரணிலிருந்து நானே இறக்கி மனைவியிடம் கொடுத்தேன். “பிள்ளைக்கு எந்தப் புகையும் வேண்டாமாம்” என்று அவளே திரும்ப ஏற்றிவிட்டாள். எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, இனி இங்கேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொள் என்றேன். “வேண்டாம்லே, முனைக்குப் போயி பழகிருச்சு” என்று அவன் நடந்தான்.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது. ஊருக்கு வந்தால் பொட்டலில் நிற்கிற குட்டியானையில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து ‘டுர்ர்’ என்று சத்தம் போடுகிறாள். சாவியை மட்டும் நான் கொடுப்பதில்லை. இன்றைக்கும் யார் மேலாவது குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், சட்டைப் பையில் கிடக்கும் அந்தச் சாவியை என் கை தானாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.