மாவுக்கட்டு போட்ட வருஷத்துத் தோட்டம்

என் மனைவி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட அன்று, அடுப்படி மேடையில் ஒரு டம்ளரில் புடலை விதையும் இன்னொரு டம்ளரில் அவரை விதையும் ஊறிக்கொண்டிருந்தன. ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தோடு ஓடியவள், பாசி வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டாள். சிவகாசியில் எலும்பு டாக்டரிடம் காட்டி, முழங்கை வரை மாவுக்கட்டு போட்டுக்கொண்டு மத்தியானம் வீடு திரும்பினோம். ஊசி போட்டிருந்ததால் வந்ததும் தூங்குவாள் என்று நினைத்தேன். அவள் நேராக அடுப்படிக்குப் போய் டம்ளர்களை எட்டிப் பார்த்தாள்.

"விதை மொளைக்கிற பதத்துல இருக்கு. இன்னைக்கே ஊனிரணும். விட்டா அழுகிப் போகும்."

"கை ஒடிஞ்சு கெடக்கு. இப்ப இதுதான் முக்கியமா?"

"எனக்குத்தானே ஒடிஞ்சிருக்கு. ஒங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

எங்கள் வீடு சிவகாசிக்கு வெளியே, எம். புதுப்பட்டி போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. சின்ன வீடு. ஆனால் பின்னால் வீட்டைவிடப் பெரிய காலி இடம், நல்ல கரிசல் மண். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அவள் அதில் காய்கறி போட்டுவந்தாள். நான் அச்சாபீசில் கட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டாசு லேபிளும் காலண்டருமாக ஆடி, ஆவணியில் வேலை குவியும். தோட்டத்தில் விளைந்ததைத் தட்டில் பார்த்ததோடு சரி. சோம்பேறித்தனம் மட்டும் அல்ல. என்னைப் பெற்றவர்கள் ஆயுசு பூராவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். "நீயாவது நெழல்ல நின்னு சம்பாதி" என்று சொல்லித்தான் அம்மா என்னை அச்சாபீசுக்கு அனுப்பினாள். அதனால் மம்பட்டியைத் தொடுவதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சல் இருந்தது. மனைவியிடம் நான் அதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

பாத்தியெல்லாம் அவள் முன்பே கட்டி, ஆட்டு எருவும் போட்டு வைத்திருந்தாள். பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் தூளி கட்டிய கையோடு உட்கார்ந்துகொண்டாள்.

"வெரலால குழி போடுங்க. அம்புட்டு ஆழம் வேணாம். ரெண்டு வெரக்கடை போதும்... ஐயய்ய, ஆணி அடிக்கிற மாதிரி குத்தாதீக. மொளை ஒடிஞ்சிரும்."

"நீ பேசாம இரு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி. மொளைக் கண்ணு கீழ பாக்கணும். நீங்க தலைகீழா வச்சிருக்கீக."

பந்தலடியில் புடலை, வேலியோரம் அவரை, நடுப் பாத்திகளில் வெண்டையும் சீனியவரையும், மூலையில் அவள் முன்பே நட்டிருந்த தக்காளி நாற்று. முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நகக்கண்ணெல்லாம் கரிசல். கிணற்றடிக் கல்லில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முதுகு வலித்தது. ஆனால் வழக்கத்தைவிட இரண்டு கவளம் கூடவே போனது.

வறட்சியான வருஷம் அது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் இறைக்கிற தண்ணீரில்தான் எல்லாம் நடக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் தக்காளிக்கு, நாங்கள் குளிக்கிற தண்ணீர் பந்தலுக்கு. அதற்காகக் குளிக்கிற கல்லையே பந்தல் பக்கம் நகர்த்திப் போட்டேன். சமையலும் பாத்திரமும் என் தலையில்தான். எனக்கு வராதது தலை பின்னுவது ஒன்றுதான். ஒரு நாள் முயற்சி செய்தேன். சடை காதுக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

அடுத்த வீட்டுப் பெண் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் ஓடிவந்து, நின்றவாக்கில் என் மனைவிக்குத் தலை பின்னிவிட்டுப் போவாள். சரம் பின்னிப் பழகிய விரல், ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும். "மதினிக்கு ஆளு கெடைச்சுட்டாரு. இனி நம்ம தெருவுக்கே காய் அண்ணன்தான்" என்று என்னைக் கேலி செய்வாள்.

விதை முளைத்துப் பச்சை தெரிந்ததும் மயில்கள் வந்தன. ரோட்டுக்கு அப்பால் கருவேலங்காட்டில் அவற்றுக்குக் குடித்தனம். விடிகிற நேரத்தில் சுவர் ஏறி இறங்கி, வெண்டை முளையை ஒவ்வொன்றாகக் கொத்தின. அச்சாபீசில் முதலாளியிடம் சொல்லி, அச்சடித்து முடித்து மடங்கிப்போன அலுமினியத் தகடுகள் சிலவற்றை வாங்கி வந்தேன். பிளேட் என்போம். பளபளக்கிற பின்பக்கம் வெளியே தெரிய, பாத்தியைச் சுற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் ஆடி மினுங்கினால் பயந்துபோகும் என்று கணக்கு. மறுநாள் காலையில் மனைவி என்னை எழுப்பினாள்.

"சத்தம் போடாம வந்து பாருங்க."

ஆண் மயில் ஒன்று ஒரு தகட்டுக்கு எதிரே நின்றுகொண்டு, அதற்குள் தெரிகிற மயிலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கொத்தும், பின்வாங்கும், தோகையை உதறும், மறுபடி கொத்தும். நாங்கள் இரண்டு பேரும் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். சிரித்ததில் கை அதிர்ந்து வலி எடுத்து, "அம்மா" என்று அவள் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. மயிலுக்குக் கடைசிவரை பயம் வரவில்லை. சண்டையில் கவனமாக இருந்ததால் வெண்டை தப்பியது.

மயிலுக்கு வழி கண்டுபிடித்த தெம்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக்கொண்டிருந்தது. எத்தனை வாளி ஊற்றினாலும் வெடிப்புக்குள் போய் மறைந்துவிடும். மேலே எதையாவது பரப்பினால் ஈரம் நிற்கும் என்று மனைவி சொல்லியிருந்தாள். என் கட்டிங் மிஷினுக்கு அடியில் தினமும் காகிதத் துண்டு மலையாகக் குவியும். லேபிளின் ஓரத்தில் நறுக்கி விழுவது. சிவப்பு, மஞ்சள், ரோஸ் என்று எல்லா நிறமும் இருக்கும். இரண்டு சாக்கு நிறைய அமுக்கி, மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் பாத்தி முழுக்கக் கனமாகப் பரப்பினேன். அவள் அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். வந்ததும் காட்டலாம் என்று இருந்தேன். வரும்போதே இருட்டிவிட்டது. மறுநாள் சீக்கிரம் லோடு ஏற்ற வேண்டும் என்று நானும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

அன்று மத்தியானம் ஆடிக் காற்று சுழற்றி அடித்தது. அச்சாபீசுக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்த்தோம். எனக்குத் தோட்டத்து ஞாபகமே வரவில்லை.

சாயங்காலம் எங்கள் தெருமுனையில் திரும்பியபோது, யார் வீட்டிலோ கல்யாணம் என்றுதான் முதலில் நினைத்தேன். கருவேல முள்ளிலெல்லாம் கலர் கலராகப் பூத்திருந்தது. மின்கம்பியில் சிவப்பு. காயப்போட்ட சேலைகளில் மஞ்சள். வாசல் தொட்டித் தண்ணீரில் ரோஸ் மிதந்தது. ஒரு சேவல் காலில் நீளமாக ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடியது. வேனிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த அடுத்த வீட்டுப் பெண், சட்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"அண்ணே, எங்க கொழம்புக்குள்ள ராக்கெட் லேபிள் கெடக்கு. பகல் பூரா கம்பெனியில பாக்குறது பத்தாதுன்னு வீட்டுக்கும் அனுப்பிட்டீகளா?"

தெருவே சிரித்தது. என் வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"உள்ள வராதீக. அங்கனயே நில்லுங்க." உள்ளே போய் இடது கையில் விளக்குமாற்றோடு வந்தாள். "தெருமொனையில இருந்து ஆரம்பிங்க."

மூணாவது வீட்டுக்கு முன்னால் கூட்டும்போதே என் கௌரவமெல்லாம் காற்றோடு போய்விட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்று விசாரித்தார்கள். ஒருவர் தன் பங்குக்கு ஒரு கோணிப்பையை நீட்டினார். பாதித் தெரு வந்ததும் பார்த்தால், அவளும் குனிந்து இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இன்னும் இருந்தது. அடுத்த வீட்டுப் பெண் கம்பை வைத்து முள்மரத்தைத் தட்டிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாக்கு நிறைந்துவிட்டது.

ராத்திரி நான் சோறு போட்டுக் கொடுக்கும்போதுதான் என்னிடம் பேசினாள்.

"யோசனை தப்பில்ல. காத்தைத்தான் மறந்துட்டீக."

மறுநாள் அவள் சொன்னபடி காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பரப்பி, மேலே ஒரு பிடி மண் தூவி, அதற்கு மேல் சோளத்தட்டையை அடுக்கினேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து தட்டையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் மண் கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. விரலை விட்டு அவளிடம் காட்டினேன். அவள் குனிந்து தானும் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு சாயங்காலங்களில் நான் தட்டைக்கு அடியில் கையை விடாமல் வீட்டுக்குள் போனதில்லை.

ஆவணியில் காற்று நின்றது. காற்று போனதும் வெயிலுக்குக் கோபம் கூடியது போலிருந்தது. மரத்தில் இலை அசையாது. உட்கார்ந்த இடத்தில் வேர்த்து ஊற்றும். தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்தது. பூவைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். "விடுங்க, வெக்கை தணிஞ்சா தானா நிக்கும்" என்பாள். அந்த நாள்களில்தான் நாங்கள் நிறையப் பேசினோம். நான் தண்ணீர் ஊற்றுவேன், அவள் நாற்காலியை என்னோடு பாத்தி பாத்தியாக இழுத்துக்கொண்டு வருவாள். அவள் பிறந்த ஊர்க் கதை, அவள் அப்பாவின் குடி, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தது எல்லாம் அங்கே கேட்டதுதான். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் ஓடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

சாயங்காலமானால் மேற்கே மலைப்பக்கம் மேகம் திரளும். ராஜபாளையத்தில் பெய்தது என்பார்கள். எங்களுக்கு மின்னலோடு சரி. நான் வானத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டு நின்றால், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெண்ணும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், கைகளில் இன்னும் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளி நிறத்தோடு.

"மளை வந்துரும்போல இருக்கே அண்ணே. வந்தா சரக்கு காயாது. வேலையை நிப்பாட்டிருவாக. சீசன்லதான் நாலு காசு பாக்க முடியும்."

அவளிடம் நான் என்ன சொல்வது? என் பூ உதிர்கிறது என்றா? "வராதும்மா, மேக்கயே போயிரும்" என்பேன். மனசுக்குள் வரட்டும் என்றும் இருக்கும், வரக்கூடாது என்றும் இருக்கும்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. மத்தியானம் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். கூரையில் யாரோ மண்ணை அள்ளி வீசியது போல ஒரு சத்தம். எழுந்து பின்கதவைத் திறப்பதற்குள் மழை ஊற்ற ஆரம்பித்துவிட்டது. நான் வேட்டியோடு பாத்திக்குள் போய் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அடுத்த வீட்டுப் பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு மழையில் ஆடிக்கொண்டிருந்தாள்.

"லீவு அன்னைக்குப் பெஞ்சா நமக்கென்ன அண்ணே? பெய்யட்டும்!"

மனைவி மாவுக்கட்டின் மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு, வாசற்படியில் நின்று இன்னொரு கையை மழையில் நீட்டினாள். "நனையாத" என்றேன். "கட்டு நனையல" என்றாள். மழை நின்றபோது அவளுடைய சேலை முழுக்க நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு தக்காளிப் பூ உதிராமல் நின்றது. வெண்டை ஒரே வாரத்தில் இடுப்பளவு ஏறியது. கட்டைப் பிரிக்க டாக்டரிடம் போனோம். உள்ளேயிருந்து வெளிவந்த கை வெளுத்து, சூம்பி, வேறு யாருடையதோ போல இருந்தது. ரப்பர் பந்தை வாங்கி அமுக்கிப் பழகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். எனக்கு அச்சாபீசில் முதல் நாள் கட்டிங் போட்டு மேஸ்திரியிடம் காட்டியது போல இருந்தது.

வரப்பைப் பார்த்தாள். "கோணல்." புடலைப் பந்தலை அண்ணாந்து பார்த்தாள். "பிஞ்சு நுனியில கல்லுக் கட்டலையா? சுருண்டுக்கிட்டு நிக்குது பாருங்க." அவரையைத் தடவினாள். வெண்டைப் பாத்தியில் வெகுநேரம் நின்றாள். புது விரல்களால் ஒரு காயின் நுனியை ஒடித்தாள். டக்கென்று ஒடிந்தது.

"எந்த வருசமும் இப்படிக் காச்சதில்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மண்ணு நல்ல மண்ணு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

முதல் பறிப்பில் பாதி அடுத்த வீட்டுக்குப் போனது. தலை பின்னியதற்கும் குழம்பில் விழுந்த லேபிளுக்கும் சேர்த்து என்று சொல்லிக் கொடுத்தேன். "அப்ப கணக்கு தீரலை அண்ணே, தக்காளி வரட்டும்" என்று வாங்கிக்கொண்டாள்.

இனி தோட்டம் அவளிடம் போய்விடும், எனக்குப் பழையபடி நிழல்தான் என்று நினைத்தேன். நினைத்தபோது ஏனோ சந்தோஷமாக இல்லை. மறுநாள் விடியும்போது வாளியை எடுக்கப் போனால், அவள் எனக்கு முன்னால் போய்க் கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"கை சரியாகிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"சரியான பெறகு?"

நான் வாளிக் கயிற்றைப் பிடித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பந்தல் பக்கம் ஒங்களுக்கு. பாத்தி எனக்கு. என் பக்கம் காகிதம் கீகிதம் கொண்டாரக் கூடாது."

புரட்டாசியில் காலண்டர் வேலை உச்சத்தில் இருந்தபோது புடலை காய்த்துத் தள்ளியது. நுனியில் கல் கட்டியவை நேராகவும், நான் முதலில் விட்டுவைத்தவை வளைந்தும் தொங்கின. ருசியில் வித்தியாசம் இல்லை. கடலைப்பருப்பு போட்டு அவள் வைத்த கூட்டைத் தூக்குவாளியில் அச்சாபீசுக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் மூடியைத் திறந்ததும் மிஷின்காரர்கள் நாலு பேர் கையை நீட்டினார்கள்.

"எந்தக் கடையில வாங்குன காய்?"

"என் பந்தல்ல பறிச்சது" என்றேன். அப்படிச் சொல்வதற்கு முன்னால் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். எல்லாருக்கும் பங்கு வைத்ததில் எனக்கு ஒரு கரண்டிதான் மிஞ்சியது. அதைச் சோற்றில் பிசைந்து, மெதுவாகச் சாப்பிட்டேன்.