இலத்தூர் சங்கரம்மாளும் வானத்துக் கல்லும்

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்படியிருந்தும் தென்காசியில் சோடாக் கம்பெனி வைத்து, குற்றாலத்துச் சீசனில் துரைமார்களையே என் சோடாவுக்குக் காத்திருக்க வைத்தவன். பெரிய மனிதர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒருவரைப் பற்றி எழுது என்றால், இலத்தூர் சங்கரம்மாளைப் பற்றித்தான் எழுதுவேன்.

என் சோடாவுக்கு எலுமிச்சம்பழம் அவள் தோட்டத்திலிருந்துதான் வரும். புருஷன் கொழும்புக்குப் போய் அங்கேயே இறந்துபோனான். அவளுக்கென்று மிஞ்சியது கிணற்றோடு கூடிய அந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். கிணறு வற்றினால் குளத்திலிருந்து குடம் சுமந்து மரங்களைக் காப்பாற்றுவாள். விலையைக் குறைத்துக் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். என்னிடமே அப்படி!

முப்பத்துநாலாம் வருஷம் ஆனி மாதம், பட்டப்பகலில், வேட்டுப் போட்டதுபோல் சத்தம் கேட்டு வானத்திலிருந்து ஒரு கல் அவள் தோட்டத்தில் விழுந்தது. தேங்காய் அளவு இருக்கும். கருகிய தோசைக்கல் நிறம். மறுநாளே ஊர்க்காரர்கள் அதற்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, பாலும் தயிரும் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊர்ப் பெரியவர் குத்தாலிங்கம் முடிவாகச் சொன்னார். "ஏட்டி சங்கரம்மா, கல்லுல உசிரு இருக்கு. சாமி எறங்குன எடத்துல பீடம் கட்டணும். தோட்டத்தை ஊருக்கு விட்டுரு."

"உசிரு இல்லைன்னா மாமா?"

"இல்லைன்னா ஒந்தோட்டம் ஒனக்கு. அதை யாரு பாத்துச் சொல்லுவா?"

அவள் நேரே என் கம்பெனிக்கு வந்து நின்றாள். "அண்ணாச்சி, கல்லுக்கு உசிரு இருக்கான்னு பாத்துச் சொல்ல ஆளு உண்டுமா?"

எனக்குத் தெரியாத ஆள் உண்டா? சீசனில் தண்ணீரைச் சோதிக்கக் குற்றாலத்துக்கு வந்திருந்த டாக்டர் ஏசுதாசன், என் சோடாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து மெச்சியவர். கல் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அமெரிக்காவில் ஒரு புரொபசர் இப்படிப்பட்ட கல்லுக்குள் உயிருள்ள கிருமியைக் கண்டதாகச் சொல்கிறாராம். அதெல்லாம் பூமியில் ஒட்டிக்கொண்ட கிருமி என்று மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். அன்றே மைக்ராஸ்கோப்போடு என் வண்டியில் இலத்தூர் போனோம்.

டாக்டர் கல்லின் வெடிப்பில் கொஞ்சம் சுரண்டி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தார். "இருக்கு! உயிர் இருக்கு!" என்று கத்திவிட்டார். நானும் பார்த்தேன். குச்சி குச்சியாக என்னவோ நெளிந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். சங்கரம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "நல்ல ஆளைக் கூட்டியாந்தீரு அண்ணாச்சி! எந்தோட்டம் போச்சு."

டாக்டர் விரலை மோந்து பார்த்தார். "இதுக்கு என்னல்லாம் ஊத்துனீங்க?"

"பாலு, தயிரு, எளநி. ஒரு கொறையும் வைக்கலை" என்றார் குத்தாலிங்கம் பெருமையாக.

தயிர்ச் செம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தார் டாக்டர். அங்கும் அதே குச்சிகள். அவர் தோள் தொங்கிப்போயிற்று. "இது ஒங்க தயிருக்குள்ள இருக்க உயிரு."

"தயிருல உசிரா? நான் சைவம்யா! அப்போ தெனமும் கவுச்சியா திங்குதேன்?" என்று பதறினார் குத்தாலிங்கம்.

கூட்டம் சிரித்து அடங்கியதும் டாக்டர் சொன்னார்: "கல்லுக்குன்னு உயிர் இருந்தா உள்ளதான் இருக்கணும்."

"உள்ள பாக்கணும்னா ஒடைக்கணும். அப்படித்தானய்யா?" என்றாள் சங்கரம்மாள்.

அவர் தயங்கித் தலையாட்டுவதற்குள் அவள் கிணற்றடியில் கிடந்த கடப்பாரையோடு வந்துவிட்டாள்.

"ஏட்டி, வேண்டாம்!"

"நீருதான மாமா உசிரு இருக்குன்னீரு? எனக்கும் தெரிய வேண்டாமா?"

ஒரே போடு. கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சாம்பல் நிறம். அங்கங்கே இரும்புத் தூள் மினுக்கியது. குத்தாலிங்கம் குனிந்து இரண்டு துண்டையும் பார்த்தார். பிறகு தன் கையாலேயே வேப்பிலையை அவிழ்த்தார். "மூளியான கல்லைக் கும்பிடப்பிடாது. பீடம் கெடையாது. வாங்கலே போவோம்."

தோட்டம் தப்பியது. உள்துண்டு ஒன்றைச் சுத்தமான குப்பியில் போட்டு டாக்டர் குற்றாலத்துக்குக் கொண்டுபோனார். உயிர் இருக்கிறது என்றும் அவரால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை.

அதன்பிறகு பழக்கூடையை இறக்கும்போதெல்லாம் சங்கரம்மாள் விலையைப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் கேட்பாள்: "டாக்டரய்யா என்ன சொல்லுதாவ? உள்ள ஏதும் அசையுதா?"

"தோட்டந்தான் கெடைச்சிட்டே. இன்னும் ஒனக்கு என்னத்துக்கு அது?" என்றேன் ஒருநாள்.

"தோட்டத்துக்கு இல்ல அண்ணாச்சி. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்கு. ஒத்தையிலயா வந்துருக்கும்?"

மறுநாள் சோடா வண்டியில் நானும் ஏறிக் குற்றாலம் போனேன், டாக்டரைக் கேட்பதற்கு.