அக்கா விதைத்த அகத்தி வேலி

எங்கள் அக்கா கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாள். நாங்கள் பிறந்த மலைநாட்டு வழக்கில் பதினாறாம் நாளே கருமாதி முடிந்துவிடும். வன்னியில் முப்பத்தொன்று. நாற்பது வருடங்களுக்கு மேல் இந்த மண்ணின் தண்ணீரைக் குடித்தவர் என்பதால் இந்த ஊர்க் கணக்கிலேயே அவருக்கான காரியங்களைச் செய்திருக்கிறோம். இன்று பந்திக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறேன். புகழ்ந்து எழுதினால், "என்னைப் பத்தி என்னடா பொய்யெல்லாம் எழுதுற?" என்று அக்கா கேட்டிருப்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டு அவரைப் புகழாமல் இருக்க உங்களால் முடிந்தால் இருங்கள்.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. இனக்கலவரத்தில் லயம் எரிந்தபின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளிநொச்சிக்கு லொறியில் வந்து இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. நான் அவர் இடுப்பில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் வயல் கூலிக்குப் போனார்கள். பன்னிரண்டு வயதில் அக்காவும் பள்ளிக்கூடத்தை விட்டுக் களை பிடுங்கப் போனார். அந்தக் கூலியில்தான் நான் படித்து ஆசிரியனானேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் வெட்கமில்லாமல் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன்.

திருமணமானபின் அத்தானும் அக்காவும் முரசுமோட்டையில் பற்றையாகக் கிடந்த அரச காணித்துண்டு ஒன்றைத் துப்புரவாக்கிக் குடியேறினார்கள். அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டுமென்று அந்த நாளில் அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. பிறகு போர். கடைசி இடப்பெயர்வில் அத்தானை இழந்தோம். முகாமிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு அக்கா திரும்பி வந்தபோது அந்தக் காணியில் வீடும் இருக்கவில்லை, நிழலுக்கு ஒரு மரமும் இருக்கவில்லை.

சில நாட்களில் காணி பார்க்கும் உத்தியோகத்தர் வந்தார். குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்; இல்லை. பயன்தரு மரம் ஏதாவது நிற்கிறதா என்று கேட்டார், அதுவும் இல்லை. "அடுத்த வருசம் திரும்ப வந்து பாப்பன் அம்மா. காணி திருத்திப் பயிர் நிண்டா பத்திரத்துக்கு எழுதலாம். சும்மா கிடந்தா வேற குடும்பத்துக்குத்தான் போகும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் அப்படி. ஆனால் அந்தக் காணியும் போனால் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கால் வைக்க வேறு இடம் கிடையாது.

ஒரு வருடத்தில் எந்த மரம் மரமாகும்? தென்னையும் மாவும் ஆறுதலாக, மெல்ல மெல்ல வளருபவை. அக்கா அகத்தி என்று முடிவு செய்தார். ஒட்டுசுட்டானில் இருந்த முகாம் சிநேகிதி ஒருவரிடம் பஸ்ஸில் போய், முற்றிக் காய்ந்த காய்களைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார்.

இங்கே என் மேதாவித்தனத்தையும் பதிவு செய்ய வேண்டும். "பையில் கன்று வளர்த்து நடுவதுதான் முறை" என்று பாதி விதையை வாங்கிப் பொலித்தீன் பைகளில் போட்டேன். கன்றுகள் அழகாக வந்தன. நட்ட வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஆணிவேர் பைக்குள் சுருண்டு, கிழித்து நட்டபோது அறுந்துவிட்டது. அக்கா சொன்னார்: "தம்பி, நீ பிள்ளையளுக்குப் படிப்பி. அகத்திக்குப் படிப்பிக்காத."

மிச்ச விதையை அவர் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஐப்பசி மழை மண்ணில் ஊறியபின் எல்லையோரமாக விரலால் குழி போட்டு நேரே நிலத்தில் ஊன்றினார். எதிர்வீட்டு மாமி வேலியில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தார். அந்த மாமி மூன்று தலைமுறையாக இந்த ஊர். எங்களை "தோட்டத்து ஆக்கள்" என்றுதான் சொல்வார். "அகத்தி ஆயிரம் காய்ச்சாலும் புறத்தி புறத்திதான்" என்று காற்றுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வெளியாள் என்றைக்கும் வெளியாள்தான் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. அக்கா நிமிரவே இல்லை. "மொதல்ல காய்க்கட்டும் மாமி" என்றார். கோபம் வந்தால் அக்காவின் வாயில் மலைநாட்டுத் தமிழ் வந்துவிடும்.

ஐந்தாறு நாளில் முளைத்தது. ஆடு கடிக்காமல் ஒவ்வொன்றையும் சுற்றி உரச்சாக்குக் கட்டினார். கோடையில் வாய்க்காலிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தார். அடுத்த புரட்டாதியில் முப்பத்தேழு மரங்கள் கூரைக்கு மேலே நின்றன. வெள்ளைப் பூக்கள் கொத்தாகத் தொங்கின. நடு நரம்பை நீக்கித் தேங்காய்ப்பூப் போட்டு அக்கா வறுத்த அந்தப் பூ வறையைச் சாப்பிட்டவர்கள் இந்தப் பந்தியிலும் இருக்கிறீர்கள்.

உத்தியோகத்தர் வரும் நாள் அறிவிக்கப்பட்டது. பார்த்தால் அது கந்தசஷ்டிப் பாரணை நாள். ஆறு நாள் விரதம் இருந்தவர்கள் அன்று காலை அகத்தியோடுதான் சோறு வாயில் வைப்பார்கள். போருக்குப் பின் அந்த ஒழுங்கைத் தெருவில் அகத்தி நின்றது அக்காவிடம் மட்டுமே. "அவர் பார்த்துப் போகும்வரை ஒருவரையும் முறிக்க விடாதீர்கள்" என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"விரதக்காரர் கேட்டு வந்தா இல்லையெண்டு எப்படிடா சொல்றது? பாவம் புடிக்கும்" என்றார்.

முதல்நாள் மாலை சூரன்போர் முடிந்து வந்தவர்கள் கேட்டார்கள். விடியற்காலை மற்றவர்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மாமியும் வந்தார். அக்கா அவருக்குப் பூ நிறைந்த கொப்பாகப் பார்த்து வளைத்துக் கொடுத்தார். காலை ஒன்பது மணிக்கு உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது இலையுமில்லை, பூவுமில்லை. முப்பத்தேழு மொட்டைக் கம்புகள் நின்றன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"என்னம்மா இது? நான் வாறனெண்டு நேற்றுக் கதியால் நட்ட மாதிரியெல்லே கிடக்கு" என்றார் அவர். வேலிக்கு நடும் தடிகள் என்று நினைத்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் அக்காவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எதிர்வீட்டு வாசல் படலை திறந்தது. மாமி கையில் கறிக் கோப்பையோடு வந்தார்.

"கதியாலோ? சேர், இதைப் பாருங்கோ. எங்கட வீட்டுப் பாரணைக் கறி. இலையும் பூவும் இந்த மரத்தில முறிச்சது. இந்த ஒழுங்கை முழுக்க இண்டைக்கு இவாட அகத்தியிலதான் விரதம் முடிச்சது. வீடு வீடாச் சட்டியளைக் கொண்டுவரச் சொல்லட்டோ?"

"அது சரியம்மா, இது விதை போட்டு வளத்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். விதை போடேக்க வேலியடியில நிண்டு நக்கலடிச்சது நான்தான். சாட்சி வேணுமெண்டா அதை எழுதுங்கோ."

உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். மோட்டார் சைக்கிள் திறப்பை உருவி, அதன் நுனியால் ஒரு மரத்தின் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சையைப் பார்த்தார். கோப்பையிலிருந்து ஒரு வாய் எடுத்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று எழுதினார். மாமி சொன்னது அதில் இருந்ததோ தெரியாது. ஆனால் அனுமதிப்பத்திரம் அக்காவின் பெயரில் வந்தது.

அந்தக் காணியில் வீடு எழும்பியது. இரண்டு பெண்களும் அங்கிருந்துதான் மணமாகிப் போனார்கள். கடைசி இரண்டு வருடங்கள் சிறுநீரக நோய் அக்காவை உருக்கியது. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் கண்ட காணியெல்லாம் யாருடையது, என்ன பயிர் என்று விசாரித்துக்கொண்டே வருவார். ஐம்பத்தாறு வயது போகிற வயதல்ல. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்ற முச்சக்கர வண்டிக்காரத் தம்பிக்கும், மருத்துவர்கள் தாதியர்களுக்கும், பந்தல் போட்டுப் பாடை கட்டிய ஊரவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த மலையக உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஒருவருக்குத் தனியாக. மரண அறிவித்தலை எழுதி எதிர்வீட்டு மாமிக்கு வாசித்துக் காட்டினேன். மலைநாட்டைப் பிறப்பிடமாகவும், முரசுமோட்டையை வதிவிடமாகவும் கொண்டவர் என்று வழக்கம்போல எழுதியிருந்தேன். மாமி கையை நீட்டி நிறுத்தினார்.

"வதிவிடமோ? அவள் என்ன வாடகைக்கே இருந்தவள்? சொந்த இடம் எண்டு எழுது தம்பி."

அப்படி அடிக்கும் வழக்கம் இல்லை என்று அச்சகத்தில் சொன்னார்கள். மாமி சொன்னபடியே அடிக்கச் சொன்னேன்.